சீசன் பாஸைப் பாதி விலைக்குக் கொடுத்தால் கேலரி நிறையுமா?

கேள்வி: ஐயா, நான் கடலூர் முதுநகர்ப் பக்கம் ஒரு கால்பந்து கழகத்தின் பொருளாளர். பொங்கல் முடிந்ததும் சனி, ஞாயிறுகளில் மொத்தம் 12 நாள் லீக் நடத்துகிறோம். சவுக்குக் கம்பு கேலரியில் 800 பேர் உட்காரலாம். போன வருடம் 600 ரூபாய் சீசன் பாஸ் 180 விற்றது. 60 ரூபாய் தினசரி டிக்கெட்டில் 90,000 வந்தது. டீக்கடை வாடகை 12,000, பேனர் விளம்பரம் 10,000. செலவு 2,40,000. துண்டு விழுந்த 20,000 ரூபாயை நான்தான் கைக்காசு போட்டு அடைத்தேன். இந்த வருடம் பாஸை 300 ரூபாய் ஆக்கினால் கேலரி நிரம்பிவிடும், வெளிநாட்டு கிளப்புகளே அப்படித்தான் செய்கின்றன என்கிறார் எங்கள் தலைவர். மின்விளக்கு போட்டு இரவு மேட்ச் நடத்தவும் ஆசை. அதற்குக் கூடுதலாக 1 லட்சம் வேண்டும். மனைவியின் நகையை அடகு வைத்துப் புரட்டலாம் என்று இருக்கிறேன். செய்யலாமா?

பதில்: நகையை வைக்காதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏன் என்பது கீழே கணக்கில் வரும். பாஸ் விலையைக் குறைப்பது வேறு விஷயம். அதைச் செய்யலாம், நன்றாகவே செய்யலாம். ஆனால் எத்தனை பேர் வாங்குவார்கள் என்பது உறுதியான பிறகுதான் குறைக்க வேண்டும். குறைத்துவிட்டு ஆள் வருமா என்று வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது.

விலை பாதியானால் இரண்டு மடங்கு விற்றால் போதும், அதாவது 360 பாஸ் போனால் பழைய 1,08,000 வந்துவிடும் என்றுதான் கமிட்டியில் பேசியிருப்பீர்கள். இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. போன வருடம் 600 ரூபாய் பாஸ் யாருக்கு லாபம்? 60 ரூபாய் டிக்கெட்டில் 10 நாளுக்கு மேல் வருகிறவருக்கு. 300 ரூபாய் ஆக்கினால் 5 நாளுக்கு மேல் வருகிற எல்லோருக்குமே பாஸ்தான் லாபம். அப்படியானால் போன வருடம் 6 முதல் 9 நாள் வரை டிக்கெட் எடுத்து வந்தவர்கள், தலைக்கு 360 முதல் 540 ரூபாய் வரை கொடுத்தவர்கள், இந்த வருடம் 300 ரூபாயோடு முடித்துக்கொள்வார்கள். அவர்கள் புது ஆட்கள் இல்லை. ஏற்கெனவே உங்களுக்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்தவர்கள்.

உங்கள் டிக்கெட் வரவில் பாதி, 45,000 ரூபாய், இப்படிப்பட்டவர்களிடமிருந்து வந்தது என்று வைத்துக்கொள்வோம். சராசரியாகத் தலைக்கு 450 ரூபாய் என்றால் 100 பேர். இவர்கள் பாஸுக்கு மாறினால் 30,000தான் வரும். 15,000 போச்சு. பழைய பாஸ்காரர்கள் 180 பேரிடம் தலைக்கு 300 வீதம் 54,000 போச்சு. ஆக மொத்தம் 69,000. இதை ஈடுகட்ட இதுவரை கிரவுண்டுக்கு அதிகம் வராத புது ஆட்கள் 230 பேர் பாஸ் வாங்க வேண்டும். 180, 100, 230 மூன்றையும் கூட்டினால் 510. கமிட்டியில் பேசிய 360க்கும் இதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்.

இந்த 510 விற்றாலும் போன வருட நிலைதான் வரும். அதாவது அதே 20,000 துண்டு, அதே உங்கள் கைக்காசு. அதையும் அடைக்க இன்னும் 67 பாஸ். ஏறக்குறைய 580. தினசரி டிக்கெட்டில் வருகிற மிச்சம் 60 பேரையும் சேர்த்தாலும் கேலரி கொள்ளும். எட்ட முடியாத எண் இல்லை. ஆனால் விளக்குக்கான 1 லட்சத்தையும் இதன் தலையில் ஏற்றினால் மேலும் 334 பாஸ் வேண்டும். மொத்தம் 900ஐத் தாண்டிவிடும். உங்கள் கேலரியே 800தான். அத்தனை இடமும் விற்றாலும் அந்த நகையை மீட்கப் பணம் இருக்காது. நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றால் மாதம் 1,000 ரூபாய்தானே என்று தோன்றும். வட்டி பெரிய விஷயம் இல்லை, இங்கே முதலுக்கே மோசம். வீட்டு நகை வீட்டு அவசரத்துக்கு. மருத்துவச் செலவு, பிள்ளைகள் படிப்பு, இன்னொரு தானே புயல் வந்தால் கூரை. லீக்குக்கு அது முதலீடு ஆகக் கூடாது. இந்த வருடம் மாலை 4 மணிக்கே மேட்சை ஆரம்பியுங்கள். சூரிய வெளிச்சத்துக்கு வாடகை இல்லை.

சரி, புது ஆட்கள் 300 பேர் கிடைப்பார்களா? இதைக் கமிட்டி அறையில் உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது. இப்போது நட்புமுறை ஆட்டம், பயிற்சி ஆட்டம் ஏதாவது நடந்தால் கிரவுண்டைச் சுற்றி ஒரு நடை போய் வாருங்கள். போன வருடம் லீக் நடந்தபோது கட்டியிருந்த மறைப்புக்கு வெளியே யார் நின்றார்கள் என்று நினைத்துப் பாருங்கள். தார்ப்பாய்க் கிழிசலில் கண்ணை வைத்திருந்த பையன்கள், பைக்கை நிறுத்தி சீட்டின்மேல் ஏறி நின்று எட்டிப் பார்த்தவர்கள், பக்கத்து மாடியில் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து இரண்டாம் பாதி முழுக்கப் பார்த்தவர்கள். இவர்களுக்கு ஆட்டம் பிடித்திருக்கிறது, 60 ரூபாய்தான் இடிக்கிறது. விலைக் குறைப்பு வேலை செய்வது இவர்களிடம் மட்டும்தான். வெளியே இப்படி 200 பேர் நின்றார்கள் என்றால் தைரியமாகக் குறைக்கலாம். யாருமே நிற்கவில்லை என்றால் காலி இடத்துக்குக் காரணம் விலை இல்லை. பெண்களுக்குக் கழிப்பறை இல்லாதது காரணமாக இருக்கலாம். ஆட்டம் முடிவதற்குள் கிராமத்துக்குப் போகும் கடைசி பஸ் போய்விடுவது காரணமாக இருக்கலாம். அப்போது பாஸை 100 ரூபாய்க்குக் கொடுத்தாலும் அந்த இடங்கள் காலியாகத்தான் கிடக்கும்.

வெளிநாட்டு கிளப்புகளைப் பற்றித் தலைவர் சொன்னது உண்மை. ஆனால் அவர்கள் எந்தப் பலத்தில் குறைத்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் பிராட்ஃபோர்ட் சிட்டி என்ற கிளப், அந்த நாட்டின் முதல் டிவிஷனான பிரீமியர் லீக்கிலிருந்து படிப்படியாகச் சரிந்து 2007ல் நான்காம் டிவிஷனுக்கு வந்துவிட்டது. அந்த நேரத்தில் சீசன் டிக்கெட்டை 138 பவுண்டுக்குக் கொடுத்தார்கள். நான்காம் டிவிஷன் ஆட்டத்துக்குச் சராசரியாக 13,000 பேருக்கு மேல் வந்தார்கள். பின்னால் மூன்றாம் டிவிஷனில் 2015-16 சீசனுக்கு 149 பவுண்டு வைத்தபோது சராசரி 18,000ஐத் தொட்டது. அங்கே சுமார் 25,000 பேர் உட்காரும் மைதானம் ஏற்கெனவே கட்டி நின்றது. ஆள் வந்தாலும் வராவிட்டாலும் அந்த மைதானத்துக்கு ஆகும் செலவு ஆகத்தான் செய்யும். காலி நாற்காலியை விற்பதில் கிடைப்பது எல்லாம் வரவுதான். உங்கள் நிலைமையும் இதற்குக் கிட்டத்தில் இருக்கிறது, 800 பேர் கேலரியில் நாளொன்றுக்கு 300 பேர்தானே உட்கார்ந்தார்கள். அதனால்தான் குறைக்கலாம் என்கிறேன்.

இங்கிலாந்தின் இன்னொரு கிளப்பான ஹடர்ஸ்ஃபீல்ட் டவுன் கதை வேறு. 2017ல் பிரீமியர் லீக்குக்கு ஏறியும் பெரியவர்களுக்கான சீசன் டிக்கெட்டை 199 பவுண்டுக்கே கொடுத்தார்கள். கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் அந்த சீசனில் கடைசி இடத்துக்கு வந்த அணிக்கே லீக்கிலிருந்து, பெரும்பாலும் டிவி உரிமைப் பணமாக, 90 மில்லியன் பவுண்டுக்கு மேல் கிடைத்தது. டிக்கெட் வரவு அதன் பக்கத்தில் சின்னத் தொகை. பிரான்ஸில் 2023 நவம்பரில் பாரிஸ் எஃப்சி கிளப் சொந்த மைதானத்தில் நுழைவையே இலவசமாக்கியது, அந்த இழப்பைத் தாங்க முதலாளிகள் இருந்தார்கள். ஜெர்மனியில் ஃபோர்ட்டுனா டுசெல்டார்ஃப் 2023-24ல் சில ஆட்டங்களுக்கு இலவசமாக ஆள் விட்டது, அதற்கு முன்பே ஸ்பான்சர்களிடம் ஒப்பந்தம் போட்டுவிட்டார்கள். பணம் முதலில், இலவசம் பிறகு. உங்களுக்கு டிவியும் இல்லை, முதலாளியும் இல்லை. இருக்கிற ஒரே ஆள் நீங்கள், உங்கள் வீட்டு நகை.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். டிசம்பரிலேயே அறிவியுங்கள்: பொங்கலுக்குள் 580 பேர் சேர்ந்தால் பாஸ் 300 ரூபாய், சேராவிட்டால் பழைய விலை. பெயர் கொடுக்கும்போது 100 ரூபாய் முன்பணம். எண் எட்டவில்லை என்றால், வேண்டாம் என்பவருக்கு அந்த 100 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆள் பிடிக்கும் வேலையை அப்போது ஊரே செய்யும். தனக்குக் குறைந்த விலை கிடைக்க வேண்டுமென்றால் பக்கத்து வீட்டுக்காரரும் சேர வேண்டுமே. எண் எட்டியதும் மீதி 200 ரூபாயையும் வாங்கிவிட்டால், லீக் ஆரம்பிக்கும் முன்பே 1,74,000 ரூபாய் கழகத்தின் கையில் இருக்கும். கேலரிக்கும் ரெஃப்ரிக்கும் கொடுக்க யாரிடமும் கடன் கேட்க வேண்டாம். பாஸ் விலையைக் குறைப்பதில் உண்மையான லாபமே இதுதான், பணம் முன்கூட்டியே வருவது.

பழைய 180 பேரை மறந்துவிடாதீர்கள். 600 ரூபாய் கொடுத்து உங்களைத் தாங்கியவர்கள் அவர்கள். ஹடர்ஸ்ஃபீல்ட் இதில் ஒரு நல்ல காரியம் செய்தது. 2008-09 முதல் விடாமல் டிக்கெட் வாங்கியவர்களுக்கு, பிரீமியர் லீக்குக்குப் போனால் 100 பவுண்டுதான் என்று முன்பே வாக்குக் கொடுத்திருந்தார்கள், போனதும் நிறைவேற்றினார்கள். நீங்கள் காசாகக் கொடுக்க வேண்டாம். நடுக்கோட்டுக்கு நேராக இருக்கும் வரிசைகளை அவர்களுக்கு ஒதுக்குங்கள், அது போதும்.

இன்னொன்று. விற்ற பாஸ் எல்லாம் வருகிற ஆள் ஆகிவிடாது. அமெரிக்காவில் ஓஹாயோ பல்கலைக்கழக நாடக அரங்கில் 15 டாலர் சீசன் டிக்கெட்டைச் சிலருக்கு முழு விலைக்கும், சிலருக்கு 2 டாலர், சிலருக்கு 7 டாலர் குறைத்தும் கொடுத்துப் பார்த்தார்கள். ஆய்வு 1985ல் வெளியானது. சீசனின் முதல் பாதியில் முழு விலை கொடுத்தவர்களே அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். குறைந்த விலைக்கு வாங்கியவருக்கு ஒரு நாள் போகாவிட்டாலும் பெரிதாக உறுத்தாது. உங்கள் டீக்கடையும் பேனரும் ஆள் வந்தால்தான் மதிப்புப் பெறும். அதனால் பாஸில் ஆள் பெயரை எழுதாதீர்கள், வீட்டில் யார் வேண்டுமானாலும் எடுத்து வரட்டும். அப்பாவுக்கு ஷிஃப்ட் என்றால் மகள் வரட்டும். கூட பெரியவர் ஒருவர் வந்தால் 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு 50 ரூபாய் சீசன் பாஸ் கொடுங்கள். பிள்ளை அடம் பிடித்தால் அப்பன் வந்துதான் ஆக வேண்டும்.

டீக்கடையைப் போன வருடம் 12,000க்கு விட்டது 300 பேர் கூட்டத்துக்கு. 600 பேர் வரும்போது அதே வாடகைக்கு விடாதீர்கள். நாளுக்கு 1,000 என்பதை 2,000 ஆக்கிப் பேசுங்கள். கூடுதலாகக் கிடைக்கும் 12,000 என்பது 40 பாஸுக்குச் சமம். பேனர் கொடுக்கும் கடைக்காரர்களிடமும் இந்த எண்ணிக்கையைக் காட்டிப் பேசலாம். விளக்குச் செலவை ஏற்க ஒரு நகைக்கடையோ ஜவுளிக்கடையோ முன்வந்தால் இரவு மேட்ச் நடத்துங்கள், அவர்கள் பணம் வங்கிக்கு வந்த பிறகு.

பாஸ் பணம் எதுவும் உங்கள் சொந்த கணக்குக்கு வரக் கூடாது. வாசலில் ஒட்டும் ஜிபே க்யூஆர் கழகத்தின் வங்கிக் கணக்கினுடையதாக இருக்கட்டும். சங்கப் பதிவு இல்லை என்றால் முதலில் அதை முடியுங்கள். 580 பேர் 300 ரூபாய் உங்கள் எண்ணுக்கு அனுப்பினால் நாளைக்கு வருமான வரித் துறைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். ஜிஎஸ்டி பற்றிக் கவலை வேண்டாம், ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாத கழகம் அதற்காகப் பதிவு செய்ய வேண்டியதில்லை. வந்த பணத்தை ஒரே நாளில் செலவழித்துவிடவும் கூடாது. ஒவ்வொரு நாள் ஆட்டம் முடியும்போதும் அதில் 12ல் ஒரு பங்குதான் உங்களுடையது ஆகிறது. மழையோ வேறு எதுவோ வந்து 2 நாள் நின்றுபோனால் பாஸ்காரருக்கு நீங்கள் கடன்பட்டவர். மாற்று நாள்களை இப்போதே குறித்துவையுங்கள். மாசி மகத்தன்று வைக்காதீர்கள், ஊரே தேவனாம்பட்டினம் கடற்கரையில் இருக்கும்.

கடைசியாகக் கேலரி. 300 பேரைத் தாங்கிய சவுக்குக் கம்பு 640 பேரையும் தாங்கும் என்று நம்பிவிடாதீர்கள். 2022 மார்ச்சில் மலப்புரம் மாவட்டத்தில் ஒரு செவன்ஸ் ஆட்டத்தில் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) தற்காலிகக் கேலரி சரிந்து ஏராளமானோர் காயமடைந்தார்கள். நான் மேலே சொன்ன பிராட்ஃபோர்ட் மைதானத்தில் 1985 மே 11 அன்று பழைய மரக் கேலரி தீப்பிடித்து 56 பேர் இறந்தார்கள். கூட்டத்தைக் கூப்பிடுகிறவருக்கு அந்தக் கூட்டத்தின் உயிருக்கும் பொறுப்பு உண்டு. கட்டிய பிறகு ஒரு கட்டடப் பொறியாளரை ஏற்றிப் பார்க்கச் சொல்லி எழுத்தில் சான்று வாங்குங்கள். டீக்கடை அடுப்பைக் கேலரிக்கு அடியிலோ பக்கத்திலோ வைக்க விடாதீர்கள். வெளியேற இரண்டு வழியாவது திறந்தே இருக்கட்டும். பொதுப் பொறுப்புக் காப்பீடு எடுக்க ஒரு பொதுத்துறை காப்பீட்டு நிறுவனத்தில் விலை கேளுங்கள். 580 என்ற எண்ணில் இந்தச் செலவு சேரவில்லை. பொறியாளருக்கும் காப்பீட்டுக்கும் எவ்வளவு ஆகிறது என்று தெரிந்ததும் அதை 300ஆல் வகுத்து 580உடன் கூட்டுங்கள். டிசம்பர் நோட்டீஸில் அச்சடிக்க வேண்டியது அந்த எண்ணைத்தான்.