ஃபில்டர் பவுடர் வேலைக்குத் தம்பியை அனுப்பலாமா?

அம்மா, வணக்கம். தம்பிக்குப் பாலக்காடு பக்கத்துக் கஞ்சிக்கோட்டில் ஃபில்டர் பிரிவில் டிரெய்னி வேலை வந்திருக்கிறது, "பவுடர் மூட்டை பிரிக்கவா பிளஸ் டூ சயின்ஸ் படிக்க வைத்தோம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக அனுப்பலாம். தூசு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள்.

அந்தப் பவுடர் டயட்டமைட். டயட்டம் என்னும் நுண்பாசிகளின் சிலிக்கா ஓடுகள் ஏரியடியிலும் கடலடியிலும் படிந்து உண்டானது. நல்ல ரகத்தில் 80 முதல் 90 சதவீதம் சிலிக்கா. ஓடு முழுக்க நுண்துளை, அதனால் எடை குறைவு, உறிஞ்சும் சக்தி அதிகம். 1867-ல் ஆல்ஃபிரட் நோபல் நைட்ரோகிளிசரின் என்னும் வெடிதிரவத்தை இதில் ஊறவைத்துத்தான் டைனமைட்டுக்குக் காப்புரிமை பெற்றார். சூளைக்குள் அடுக்கும் வெப்பத்தடுப்புச் செங்கல், பெயின்ட், தானியப் பூச்சி மருந்து எல்லாவற்றிலும் இது உண்டு. பூச்சியின் மேல்தோல் மெழுகை உறிஞ்சி உலர்த்திக் கொல்லும். பாலக்காட்டுச் சித்தூர் பக்கத்தில் ஈரநெல்லை மூட்டை கட்டிவிட்டு இதைத் தூவினால் பலிக்காது.

தம்பி கற்கப்போவது வடிகட்டல். பீர், சர்க்கரைப் பாகு, சமையல் எண்ணெய், எதற்கும் முறை ஒன்றே. முதலில் ப்ரீகோட், அதாவது ஃபில்டர் தட்டில் பவுடர் படலம் படியவைப்பது: சதுர மீட்டருக்கு அரை முதல் ஒரு கிலோ பவுடரைக் கலக்கி, வெளிவருவது தெளியும்வரை சுற்றவிட வேண்டும். 10 சதுர மீட்டர் ஃபில்டருக்கு 5 முதல் 10 கிலோ. பிறகு, வடிகட்டும் திரவத்தோடு சிறிது சிறிதாகப் பவுடர் சேர்ந்துகொண்டே போகும்; அது பாடி ஃபீட். அது குறைந்தால், தட்டில் படியும் பவுடர் அடையை (இதைத்தான் கேக் என்பார்கள்) கசடு அடைத்து அழுத்தம் விறுவிறுவென ஏறும். கூடினால் தட்டுகளுக்கு இடையே கேக் சீக்கிரமே நிரம்பி ஓட்டம் பாதியில் நிற்கும். பம்ப் ஒரு கணம் நின்றால்கூடச் செங்குத்துத் தட்டிலிருந்து கேக் உதிரும், கலங்கல் வரும். பிரஷர் கேஜைப் பார்த்தே எது கோளாறு என்று சொல்லும் ஆபரேட்டருக்கு எண்ணெய் ஆலையிலும் மருந்து ஆலையிலும் மதிப்பு உண்டு.

இனி தூசு. இயற்கைப் பவுடரில் சிலிக்கா பெரும்பாலும் படிகமற்றது. சோடா சேர்த்துச் சுட்ட ரகத்தில் கிரிஸ்டோபலைட் என்னும் படிகச் சிலிக்கா பாதியளவுகூட இருக்கலாம். அது நுரையீரலில் சிலிக்கோசிஸ் உண்டாக்கும், அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. படிகச் சிலிக்காவைப் புற்றுநோய்க் காரணி என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-ல் வகைப்படுத்தியது. சேரும் முன் தம்பி மூன்றைக் கேட்கட்டும்: பவுடரின் பாதுகாப்புத் தாளில் கிரிஸ்டோபலைட் எத்தனை சதவீதம்? மூட்டை கொட்டும் இடத்தில் தூசு உறிஞ்சும் அமைப்பு ஓடுகிறதா? மார்பு எக்ஸ்ரேயும் மூச்சுப் பரிசோதனையும் ஆண்டுதோறும் உண்டா? சிந்தியதைத் துடைப்பத்தால் பெருக்குகிற இடம், காற்றடித்து ஊதுகிற இடம் வேண்டாம். துணி முகமூடி போதாது, என்95 வேண்டும்.

படிப்பையும் விடவேண்டாம். பிளஸ் டூ சயின்ஸ் முடித்தவர் கெமிக்கல் இன்ஜினியரிங் டிப்ளமோவில் லேட்டரல் என்ட்ரியில் நேரே இரண்டாம் ஆண்டு சேரலாம், அங்கிருந்து அதே வழியில் பி.டெக். சூளை, செங்கல் பக்கம் ஆசை இருந்தால் விருத்தாசலத்தில் செராமிக் டிப்ளமோ இருக்கிறது. கேரள-தமிழக எல்லைப் பகுதிக்காரர்கள் தடுமாறுவது, எந்த மாநிலத்தவர் என்று காட்டும் நேட்டிவிட்டி சான்றிதழில்தான்: எந்த மாநிலத்து ஒதுக்கீட்டில் இடம் கேட்கப் போகிறோம் என்று முடிவு செய்து, கல்லூரி விண்ணப்பம் திறக்கும் முன்பே அந்தச் சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.