மீகாளுக்கு எது தெரியும்? விவிலியப் பெண்ணின் பார்வையில் புதினம் எழுதுவது பற்றி

கேள்வி: பழைய ஏற்பாட்டுப் பெண் ஒருத்தியைக் கதைசொல்லியாக வைத்து ஒரு வரலாற்றுப் புதினம் எழுத விரும்புகிறேன். விவிலியத்தில் அவளைப் பற்றிச் சில வசனங்களே உள்ளன. எதிலிருந்து தொடங்குவது? எவ்வளவு தூரம் கற்பனை செய்யலாம்?

முதலில் அவளுக்கு எதெல்லாம் தெரியாது என்று எழுதிப் பாருங்கள். இவ்வகைப் புதினங்கள் பலவும் சறுக்குவது இந்த இடத்தில்தான். கதைசொல்லி பெண்ணாக இருப்பாள். ஆனால் மூலநூலை எழுதியவருக்குத் தெரிந்த அனைத்தும், போர்க்களத்தில் நடந்ததும் தீர்க்கதரிசி தனியே ஒருவரிடம் சொன்னதும் ஐந்து அதிகாரம் கழித்து நடக்கப்போவதும் உட்பட, அவளுக்கும் தெரிந்திருக்கும். அப்படி எழுதினால், பழைய கதையில் 'அவன்' என்றிருந்த இடத்தில் 'நான்' என்று போட்டதற்கு மேல் எதுவும் நடப்பதில்லை.

நான் சில காலமாக மீகாளை வைத்து ஒரு குறுநாவல் எழுதி வருகிறேன் என்பதால் அவளையே எடுத்துக்கொள்கிறேன். அவள் சவுல் அரசனின் இளைய மகள். தாவீதின் முதல் மனைவி. அவளைப் பற்றிய செய்திகளெல்லாம் சாமுவேலின் இரண்டு புத்தகங்களில் சிதறிக் கிடக்கின்றன; நாளாகமத்தில் ஒரே ஒரு வசனம் மட்டும் உண்டு. அவள் வாய் திறந்து பேசுவது நான்கே இடங்களில். அவள் தாவீதை நேசித்தாள் என்று 1 சாமுவேல் 18ஆம் அதிகாரம் இரண்டு முறை சொல்கிறது; தாவீது அவளை நேசித்தான் என்று எந்த அதிகாரமும் சொல்வதில்லை. இந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டே பாதி நாவலை எழுதிவிடலாம்.

அவளுக்குத் தெரியாதவற்றில் முதலாவது பரிசத்தின் உள்நோக்கம். இஸ்ரவேலரின் எதிரிகளான பெலிஸ்தர் நூறு பேரின் நுனித்தோல்களைச் சவுல் பரிசமாகக் கேட்கிறான்; பெலிஸ்தர் கையால் தாவீது மடிய வேண்டும் என்பதே அவன் எண்ணம் என்று வாசகருக்கு வெளிப்படையாகச் சொல்லப்பட்டுவிடுகிறது. மீகாளிடம் யார் சொன்னார்கள்? தாவீது நூறுக்கு இருநூறாகக் கொண்டுவந்து எண்ணிக் கொடுத்த அன்று, தனக்காக ஒருவன் இரட்டைப் பரிசம் கட்டினான் என்ற பெருமைதான் அவளுக்கு இருந்திருக்கும். முதலில் தாவீதுக்குப் பேசப்பட்டவள் அக்காள் மேராப். அவளைக் கடைசி நேரத்தில் வேறொருவனுக்குக் கட்டிக்கொடுத்துவிட்ட வீடு அது. தங்கையின் பெருமையை அந்த வீட்டில் யார் யார் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று யோசித்தால் ஓர் அத்தியாயம் தானாக வந்து நிற்கும். தந்தை ஆசையோடு கேட்ட பரிசம் உண்மையில் கொலைத்திட்டம் என்பதை அவள் எப்போது புரிந்துகொள்கிறாள் என்பது நீங்கள் முடிவு செய்ய வேண்டியது. என் கதையில் அது, தாவீதைக் கொல்லச் சவுல் அனுப்பிய காவலர் அவர்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கும் இரவில் நடக்கிறது.

அந்த இரவை மூலநூல் ஏழு வசனங்களில் முடித்துவிடுகிறது. இன்றிரவே தப்பாவிட்டால் நாளை கொல்லப்படுவீர் என்று கணவனை எச்சரித்து, ஜன்னல் வழியாக அவனைக் கீழே இறக்கிவிடுகிறாள். எதைக் கொண்டு இறக்கினாள் என்று நூல் சொல்வதில்லை. ஆட்டுரோமக் கயிறா, முறுக்கிய போர்வையா? வளர்ந்த ஆணின் எடை அவள் உள்ளங்கைகளில் எப்படி இறங்கியது, மறுநாள் தந்தைமுன் நிற்கும்போது அந்தக் கைகளை எங்கே வைத்துக்கொண்டாள்? பிறகு வீட்டிலிருந்த சுரூபம் (வீட்டுத் தெய்வச் சிலை) ஒன்றைக் கட்டிலில் கிடத்தி, தலைமாட்டில் வெள்ளாட்டு ரோமத்தை வைத்து, போர்த்திவிட்டு, வந்தவர்களிடம் அவர் வியாதியாயிருக்கிறார் என்கிறாள். ஆதியாகமத்தில் யாக்கோபின் மனைவி ராகேல் தன் தகப்பனிடமிருந்து திருடிய சுரூபங்கள் ஒட்டகச் சேணத்துக்குள் அடங்கும் அளவுக்குச் சிறியவை. இதுவோ படுக்கையில் ஓர் ஆளாகத் தோன்றுமளவு இருந்திருக்கிறது. தாவீதின் வீட்டில் இது ஏன் இருந்தது என்று சாமுவேல் புத்தகம் கேட்பதில்லை. சுரூபங்களை ஒழித்ததாகச் சொல்லப்படும் யோசியா அரசன் வருவது பல தலைமுறை கழித்து. ஆகவே உங்கள் கதைசொல்லி அதைப் பார்த்துக் கூச வேண்டியதில்லை. அவள் அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த பொருளாகக்கூட அது இருக்கலாம். வீட்டுக்குள் நடந்த வழிபாடு பற்றிப் பெண்ணின் வாயால் சொல்ல இவ்வளவு நல்ல வாய்ப்பு வேறெங்கும் கிடைக்காது.

இனி அவளுக்கு நன்றாகத் தெரிந்தவற்றுக்கு வருகிறேன். 'அரண்மனை' என்றதும் தூண் மண்டபமும் பட்டுத்திரையும் கையோடு வந்துவிடும். தயவுசெய்து அவற்றைத் தடுத்து நிறுத்துங்கள். சவுலின் ஊரான கிபியா என்று பலரும் கருதும் தெல் எல்-ஃபூல் குன்று எருசலேமுக்கு வடக்கே ஏறத்தாழ 5 கிலோமீட்டரில் இருக்கிறது. அதை 1922இல் தொல்லியலாளர் வில்லியம் ஆல்பிரைட் அகழ்ந்தபோது கிடைத்தது கரடுமுரடான கற்களால் கட்டிய ஒரு சிறு கோட்டைதான். அதுவே சவுலின் கோட்டை என்பதை மறுப்பவர்களும் உண்டு. (அதே குன்றின் உச்சியில் ஜோர்டான் மன்னர் ஹுசைன் 1960களில் கட்டத் தொடங்கி, 1967 போரினால் பாதியில் நின்றுபோன மாளிகை இன்னொரு கதை.) கிமு 1000ஐ ஒட்டிய காலத்தில், பென்யமீன் மலைநாட்டில், இளவரசி என்பவள் மாவரைக்கும் சத்தம் கேட்கும் தூரத்தில்தான் வாழ்ந்திருப்பாள்.

அந்தச் சத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சுற்றும் திருகை அந்த நாட்டுக்கு வந்தது பல நூற்றாண்டுகள் கழித்து. அன்றிருந்தது நம் அம்மியைப் போன்ற அடிக்கல். அதன்முன் மண்டியிட்டு, கால்விரல்களை மடக்கி ஊன்றி, மேற்கல்லை இரு கைகளாலும் முன்னும் பின்னும் தள்ள வேண்டும். ஒரு வீட்டுக்கு வேண்டிய மாவுக்கு நாள்தோறும் இரண்டு மூன்று மணி நேரம் பிடித்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். வட சிரியாவின் அபு ஹுரைரா என்ற கற்கால ஊரில் கிடைத்த பெண்களின் எலும்புகளில் கால் பெருவிரல் மூட்டும் முழங்காலும் முதுகின் கீழ்ப்பகுதியும் தேய்ந்திருந்ததற்கு இந்த வேலையே காரணம் என்று கண்டிருக்கிறார்கள். அரசன் வீட்டில் அடிமைப்பெண் அரைத்திருப்பாள் என்றே வைத்துக்கொள்வோம். பின்னால் சவுல் அவளைக் கட்டிவைத்த பல்த்தியின் மனைவியான பிறகு மீகாளே அரைத்திருக்கக்கூடும். அரசியல் வீழ்ச்சியை வசனமாக எழுதாமல் முழங்காலில் எழுத முடியும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். நாணயம் அப்போது கிடையாது. வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்தார்கள். மெழுகுவர்த்தி கிடையாது, விளிம்பைக் கிள்ளிய அகல்விளக்கில் ஒலிவ எண்ணெய். உடை ஆட்டுரோமத்திலும் ஆளிச்செடி நாரிலும் (லினன்). மாதவிலக்குக் காலத்தில் பெண்கள் கூடியிருக்கும் தனிக் கூடாரம் இவ்வகைக் கதைகளில் இப்போது பிரபலம். லேவியராகமம் 15ஆம் அதிகாரம் படுக்கைக்கும் இருக்கைக்கும் உண்டாகும் தீட்டைப் பேசுகிறதே தவிர அப்படியொரு கூடாரத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. நம் பக்கத்து முட்டுவீட்டைக் கொண்டுபோய்க் கிபியாவில் கட்டுவதும் சரியாக வராது.

அவளை இக்காலத்துப் பெண்ணாக்கி மேடையில் ஏற்றிவிடும் ஆசையும் எழும். அதற்கு மாற்று, அவளை வாயில்லாப் பூச்சியாக்குவதல்ல. நீங்கள் புதிய ஏற்பாட்டுக் காலத்தை ஒட்டி எழுதுவதாயிருந்தால் பாபாதாவின் ஆவணங்களைப் பற்றி அவசியம் படியுங்கள். சாக்கடலுக்குத் தெற்கே பேரீச்சந்தோட்டங்கள் வைத்திருந்த யூதப் பெண் அவள். அவளுடைய 35 பத்திரங்கள் அடங்கிய கட்டு, 1961இல் நகால் ஹெவர் பள்ளத்தாக்கின் குகையொன்றில் தொல்லியலாளர் யிகேல் யாதின் குழுவினரால் கண்டெடுக்கப்பட்டது. இரண்டாம் கணவனுக்கு 300 தெனாரியம் (ரோம வெள்ளிக்காசு) கொடுத்ததற்கு அவள் பத்திரம் வைத்திருக்கிறாள். தந்தையில்லாத மகனுக்குக் காப்பாளர்கள் மாதம் இரண்டு தெனாரியம் மட்டுமே கொடுப்பது போதாது என்று ரோம ஆளுநர்வரை வழக்குக் கொண்டுபோகிறாள். அவளுக்கு எழுதத் தெரியாது. எழுதத் தெரியாத ஒருத்தி தன் பத்திரங்களை உயிரைப் போலக் காத்து வைத்திருக்கிறாளே, அந்த வகை அதிகாரம்தான் அக்காலப் பெண்ணுக்குப் பொருந்தும்.

மீண்டும் மீகாள். தாவீது தப்பியோடியபின் சவுல் அவளை லாயீசின் மகன் பல்த்திக்குக் கொடுத்துவிடுகிறான். பல்த்தியின் வீட்டில் அவள் எத்தனை ஆண்டு வாழ்ந்தாள் என்று நூல் எண்ணிச் சொல்வதில்லை. பெலிஸ்தர் நாட்டில் தாவீது இருந்த 16 மாதங்களும், பிறகு எப்ரோன் நகரில் அவன் ஆண்ட ஏழரை ஆண்டுகளில் ஒரு பகுதியும் அதற்குள் அடங்கும். அதற்குள் அவனுக்கு ஆறு மனைவியரும் ஆறு மகன்களும் உண்டாகிவிட்டார்கள். பிறகு 2 சாமுவேல் 3ஆம் அதிகாரத்தில், சவுலின் மறுமனையாட்டி ரிஸ்பாளைப் படைத்தலைவன் அப்னேர் தீண்டினான் என்று சவுலின் மகன் இஸ்போசேத் குற்றம் சாட்ட, கோபங்கொண்ட அப்னேர் தாவீதின் பக்கம் சாய, தாவீது அதற்கு விலையாகத் தன் மனைவி மீகாளைத் திரும்பக் கேட்கிறான். ஒருத்தியைப் பற்றிய சண்டை இன்னொருத்தியை இடம்பெயர்க்கிறது. இருவரில் ஒருவரிடமும் யாரும் எதுவும் கேட்பதில்லை. சவுலின் மருமகன் என்ற உரிமை தாவீதுக்கு அந்த நேரத்தில் வேண்டியிருந்தது என்பது நமக்குத் தெரியும். மீகாளின் வாசலுக்கு வந்ததோ ஆட்கள் மட்டும்தான். பல்த்தி அழுதுகொண்டே பகூரிம் என்ற ஊர்வரை அவள் பின்னால் நடந்துவருகிறான். திரும்பிப் போ என்று அப்னேர் அதட்டியதும் திரும்பிவிடுகிறான். அந்தப் பயணத்தில் மீகாள் என்ன செய்தாள் என்று ஒரு சொல்கூட இல்லை. சவுலின் மகள்மீது கண்ணீர் விட்டதாக இந்த நூல் சொல்லும் ஒரே ஆண் அவன்தான்.

இங்கேதான் உங்கள் இரண்டாம் கேள்வி வருகிறது. நான் வைத்துக்கொண்டிருக்கும் விதி எளியது: நடந்ததாக நூல் சொல்வதை மாற்றுவதில்லை, நூல் சொல்லாமல் விட்டது என் பங்கு, நூல் வழங்கும் தீர்ப்பைக் கதைசொல்லி ஏற்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. விசுவாசிகளின் மனம் புண்படுமோ என்று தயங்குபவர்கள், இந்த வேலையை யூத மறை அறிஞர்களான ரபிமார் எப்போதோ தொடங்கிவிட்டார்கள் என்பதை நினைவில் கொள்ளலாம். அவர்களுடைய விவாதங்களைத் தொகுத்த பாபிலோனியத் தல்மூத்தில், பல்த்தி தனக்கும் மீகாளுக்கும் நடுவே படுக்கையில் ஒரு வாளை ஊன்றி வைத்து அவளைத் தீண்டாமலே வாழ்ந்தான் என்று இருக்கிறது. ஆண்கள் கையிலும் நெற்றியிலும் கட்டிக்கொள்ளும், வேதவசனம் அடங்கிய தோல்பெட்டியான தெபில்லீனை மீகாள் அணிந்தாள், அறிஞர்கள் அவளைத் தடுக்கவில்லை என்றும் இருக்கிறது. வாள் கதை அவளுடைய 'தூய்மையை' காப்பாற்ற எழுந்தது என்பதால் எனக்கு அதில் ஈடுபாடில்லை. என் பல்த்தி சாதாரணமான, நல்ல கணவன். தெபில்லீனை மட்டும் எடுத்துக்கொண்டேன், அதுவும் காலத்துக்கு ஒவ்வாததால் வேறு உருவில்.

இஸ்ரவேலரின் புனிதப் பேழையான உடன்படிக்கைப் பெட்டி எருசலேமுக்கு வரும் 2 சாமுவேல் 6ஆம் அதிகாரத்தில் எல்லாரும் தாவீதின் நடனத்தையும் அவளுடைய ஏளனத்தையும்தான் பார்க்கிறார்கள். அந்த அதிகாரம் மூன்று முறையும் அவளைச் 'சவுலின் மகள்' என்கிறது; அவனைத் தப்பவைத்த இரவிலோ அவள் 'தாவீதின் மனைவி'. ஆட்டத்தைக் கண்டு அருவருத்தாளா, தன் குடும்பம் இழந்த ஊர்வலத்தைப் பார்த்தாளா, பகூரிம் வழியில் அழுத மனிதனை நினைத்தாளா என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். நாளாகமம் இந்தச் சண்டையையே விட்டுவிட்டு, அவள் ஜன்னல் வழியாகப் பார்த்து அவனை இகழ்ந்ததோடு நிறுத்திக்கொள்கிறது. சாகும் நாள்மட்டும் அவளுக்குப் பிள்ளையில்லை என்ற வரியோடு பலரும் கதையை முடிப்பார்கள். எனக்கு அது போதவில்லை.

ஏனென்றால் 2 சாமுவேல் 21ஆம் அதிகாரத்தில், சவுல் தம்மவரைக் கொன்றதற்குப் பழியாகக் கிபியோனியர் என்ற இனத்தார் தூக்கிலிட்ட சவுலின் வாரிசுகள் எழுவரில் ஐவரை, பெரும்பாலான எபிரேயப் பிரதிகள் மீகாளின் மகன்கள் என்கின்றன. சில பிரதிகள் மேராபின் மகன்கள் என்கின்றன. பெற்றவள் மேராப், வளர்த்தவள் மீகாள் என்று தல்மூத் இரண்டையும் பொருத்திவிடுகிறது. நான் அதையே எடுத்துக்கொண்டேன். அவர்களைக் கிபியோனியரிடம் ஒப்புக்கொடுத்தவன் தாவீது. மற்ற இருவரும் ரிஸ்பாள் பெற்றவர்கள். அவள்தான் அறுவடைத் தொடக்கம் முதல் மழை பெய்யும்வரை பாறைமேல் இரட்டு விரித்து, பகலில் பறவைகளையும் இரவில் விலங்குகளையும் பிணங்களிடமிருந்து விரட்டியவள்.

எழுதத் தொடங்கும் முன் இன்னொன்றையும் முடிவு செய்துகொள்ளுங்கள்: அவள் இதையெல்லாம் யாரிடம் சொல்கிறாள்? என் நாவலில் மீகாள் ரிஸ்பாளிடம் பேசுகிறாள். சவுல் வீட்டு நடப்புகள் இருவருக்கும் தெரிந்தவை ஆகையால் அவள் எதையும் விளக்க மாட்டாள். வாசகருக்கோ விளக்கம் வேண்டும். அதற்காக, சவுலை ஒருநாளும் பார்த்திராத ஒரு வேலைக்காரச் சிறுமியைப் பக்கத்தில் உட்காரவைத்திருக்கிறேன். அவள் இடையிடையே கேள்வி கேட்டு இருவரையும் எரிச்சலூட்டுகிறாள்.