புதிர் போட்டால் மட்டும் போதுமா?

கேள்வி: தினமும் மொபைலில் லாஜிக் புதிர்கள் போடுகிறேன், நல்ல வேகமும் வந்துவிட்டது. ஆனால் அலுவலகத்தில் யாராவது ஒரு விஷயத்தை அடித்துப் பேசினால், சரியா தப்பா என்று பிரித்துப் பார்க்க முடியாமல் தலையாட்டிவிடுகிறேன். இதற்கு என்ன பயிற்சி செய்யலாம்?

பதில்: பிடித்திருந்தால் புதிர் போடுங்கள், ஆனால் அதனால் பெரும்பாலும் புதிரில்தான் கெட்டிக்காரத்தனம் வரும். புதிரில் தேவையான தகவலை எல்லாம் யாரோ எடுத்து வைத்துவிடுகிறார்கள். வெளியே, எந்தத் தகவலைச் சொல்லாமல் விட்டார்கள் என்று கண்டுபிடிப்பதே பாதி வேலை.

அங்கேதான் பலரும் சறுக்குகிறோம். உளவியலாளர் பீட்டர் வேசன் 1960-ல் வெளியிட்ட சோதனை ஒன்று இருக்கிறது. 2, 4, 6 என்ற எண்கள் ஒரு விதிப்படி அமைந்தவை, நீங்களும் மும்மூன்று எண்களாகச் சொல்லுங்கள், பொருந்துகிறதா என்று சொல்கிறேன், விதி பிடிபட்டது என்று உறுதியானதும் அறிவியுங்கள் என்பதுதான் போட்டி. உடனே 'இரண்டிரண்டாகக் கூடுகிறது' என்று தோன்றும். 8, 10, 12 என்று கேட்டால் பொருந்தும், 20, 22, 24 கூடப் பொருந்தும், சரி முடிந்தது என்று விதியைச் சொன்னால் தப்பு! எண்கள் ஏறுவரிசையில் இருந்தால் போதும், அவ்வளவுதான் விதி. 29 மாணவர்களில் 6 பேர்தான் முதல் முறையே சரியாகச் சொன்னார்கள். 1, 2, 50 என்று ஒரு தடவை கேட்டிருந்தால் 'இரண்டிரண்டு' அங்கேயே உடைந்திருக்கும், ஆனால் தன் ஊகத்துக்கு 'ஆமாம்' சொல்லும் கேள்விகளையே மனசு தேடுகிறது.

எனவே நான் சொல்லும் பயிற்சி ஒன்றுதான்: தினமும் காதில் விழும் ஏதாவது ஒரு கூற்றை எடுத்து, 'என்ன தெரியவந்தால் இது பொய்யாகும்?' என்று தாளில் எழுதுங்கள். மனசுக்குள் மட்டும் செய்தால் ஏமாற்றிக்கொள்வோம்.

உதாரணமாக, 'இந்தப் பயிற்சி வகுப்புக்குப் போன 100 பேரில் 80 பேர் தேறிவிட்டார்கள்' என்கிறார் ஒருவர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நான்கு கட்டம் போடுங்கள்: போய்த் தேறியவர், போய்த் தேறாதவர், போகாமல் தேறியவர், போகாமலே தேறாதவர். அவர் சொன்னது முதல் இரண்டு கட்டங்களைத்தான் நிரப்பும். போகாத 50 பேரில் 40 பேர் தேறியிருந்தால் அதுவும் 80 சதவீதம்தான், வகுப்பால் பலன் என்று சொல்ல ஒன்றுமில்லை. போகாதவர்கள் குறைவாகத் தேறியிருந்தாலும் அவசரப்பட வேண்டாம், ஆர்வமுள்ளவர்களே வகுப்புக்குப் போயிருக்கலாம்.

அப்புறம், திருப்பிப் போடும் தப்பு. இணையதளத்தின் சர்வர் படுத்தால் தளம் திறக்காது என்பது சரி, தளம் திறக்கவில்லை, ஆகவே சர்வர் படுத்துவிட்டது என்பது சரியில்லை, உங்கள் இணைய இணைப்பே போயிருக்கலாம். 'அப்படியென்றால் இப்படி' என்று யார் பேசினாலும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. பிடிக்காதவர் சொன்னதில் ஓட்டை கண்டுபிடிக்க யாருக்கும் பயிற்சி தேவையில்லை, அது தானாக வரும். அதனால் முதல் சில வாரம் நீங்கள் ஒப்புக்கொள்ளும் கருத்துகளை மட்டும் எடுங்கள், கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கும்.

கூட்டத்தில் உடனே மறுத்துப் பேச வேண்டும் என்றில்லை. 'வகுப்புக்குப் போகாதவர்களில் எத்தனை பேர் தேறினார்கள்?' என்று சாதாரணமாகக் கேளுங்கள், கையில் பதில் இல்லை என்றால் எண்ணிக்கை வந்த பிறகு முடிவெடுக்கலாம் என்று சொல்லிவிடுங்கள்.