அவன் உங்களிடம்தான் சொன்னான்

கேள்வி: அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். பிளஸ் ஒன் மாணவன் ஒருவன் கட்டுரை நோட்டின் கடைசிப் பக்கத்தில், "டீச்சர், எனக்குப் பசங்களைத்தான் பிடிக்குது. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்று பென்சிலால் எழுதியிருந்தான். எனக்கு இதைப் பற்றி ஒன்றுமே தெரியாது. அவன் பெற்றோரை அழைத்துச் சொல்லிவிடலாமா?
- பெயர் வேண்டாம், விழுப்புரம் மாவட்டம்

பதில்: வேண்டாம் டீச்சர். பேனாவால்கூட எழுதத் துணியாமல் பென்சிலால் எழுதியிருக்கிறான் பாருங்கள். "படித்தேன், யாரிடமும் சொல்லவில்லை. எப்போது வேண்டுமானாலும் வந்து பேசு" என்று தனியாகச் சொல்லுங்கள். இப்போதைக்கு அது போதும். என்னோடு படித்த ஒருவனைப் பற்றி ஆசிரியர் ஒருவர் நல்லெண்ணத்தோடுதான் வீட்டில் சொன்னார். அதற்கப்புறம் அவன் பள்ளிக்கே வரவில்லை. இன்னும் எனக்கு ஆறவில்லை.

தெரியாது என்பதில் வெட்கம் எதுவும் வேண்டாம். சேர்ந்து வாழ முடிவெடுத்த இரண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்டு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே இதில் சரியான புரிதல் இல்லை என்று ஒப்புக்கொண்டு, உளவியலாளர் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். அப்புறம்தான் 2021 ஜூனில் உத்தரவு எழுதினார். தன்பாலீர்ப்பை, அதாவது தன் பாலினத்தவர்மீதே வரும் ஈர்ப்பை, 'குணப்படுத்த' முயல்வதை அந்த உத்தரவு தடைசெய்தது. உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே இதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. அதனால் டாக்டரிடம் காட்டினால் மாறிவிடுவான் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

நீங்கள் தமிழாசிரியை என்பதால் ஒன்று கேட்கிறேன். தொல்காப்பியக் கிளவியாக்கத்தில் 'ஆண்மை திரிந்த பெயர்நிலைக் கிளவி' என்று வருகிறதல்லவா? ஆண்தன்மை மாறிப் பெண்தன்மை கொண்டவர்களைக் குறிக்கும் சொல் அது, பாலினம் பற்றியது. இந்த மாணவன் சொல்வது ஈர்ப்பு பற்றியது. இரண்டும் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆனாலும் திணை நடத்தும்போது, "இவர்களையும் உயர்திணையில்தான் வைத்தார் தொல்காப்பியர்" என்று ஒரு நிமிடம் நின்று சொல்லுங்கள். யாரைப் பார்த்தும் சொல்ல வேண்டாம், பலகையைப் பார்த்துச் சொன்னாலே அவன் காதில் விழும். அந்த வரியைச் சொல்லும்போது வகுப்பில் யாராவது சிரித்தால் மட்டும் விடாதீர்கள்.

படிக்க வேண்டுமென்றால் ரேவதியின் 'வெள்ளை மொழி'யில் தொடங்குங்கள். திருநங்கை ஒருவரின் தன்வரலாறு அது. வலி நிறைந்த புத்தகம், முதலில் நீங்கள் படித்துவிட்டு, நூலகத்தில் வைப்பதைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம். தன்பாலீர்ப்பாளர்கள் பற்றியும் பெற்றோருக்காகவும் சென்னையின் 'ஓரினம்' குழு தமிழிலேயே நிறைய எழுதி வைத்திருக்கிறது.

ஒரே ஒரு விதிவிலக்கு. உயிரை விடுவது பற்றி அவன் பேசினாலோ, யாராவது அவனைத் துன்புறுத்துவதாகச் சொன்னாலோ தனியாகச் சுமக்காதீர்கள். மனநல உதவிக்கு 14416, குழந்தைகள் பாதுகாப்புக்கு 1098. அவனிடம் சொல்லிவிட்டே கூப்பிடுங்கள்.

வீட்டில் எப்போது சொல்வது என்பதை அவனே முடிவு செய்யட்டும். "நீங்களும் கூட வர்றீங்களா டீச்சர்?" என்று கேட்டால், போய்ப் பக்கத்தில் உட்காருங்கள்.