மண்சுவருக்குள் ஒரு குலம்

அன்புள்ள ஐயா,

சீனாவின் ஃபூஜியன் மாகாணத்து வட்டவடிவ மண்வீடுகளைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றைப் பார்த்தேன். கொள்ளையருக்கு அஞ்சிக் கட்டிய கோட்டைகள் அவை. அச்சம் நீங்கியதும் மக்கள் வெளியேறிவிட்டனர். அச்சத்தின் சின்னத்தை மரபுச்செல்வம் என்று கொண்டாடுவது பொருந்துமா?

க.

அன்புள்ள க.,

தூலோ எனப்படும் அவ்வீடுகளை வெளியிலிருந்து பார்த்தால் நீங்கள் சொல்வது சரிதான். ஒரு மீட்டருக்கும் மேற்பட்ட தடிமனில் மண்ணை இடித்து இறுக்கி எழுப்பிய சுவரும், சன்னலற்ற கீழ்த்தளங்களும் கொள்ளையரையும் குலப்பகையையும் எண்ணிச் செய்தவையே. ஆனால் உள்ளே நடந்த வாழ்க்கையை அச்சத்தைக் கொண்டு விளக்கிவிட முடியாது.

யோங்டிங் பகுதியின் காவோபெய் கிராமத்தில் 1709இல் எழுந்த செங்ச்சி லோவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த வட்டங்களின் நடுவே ஜியாங் குலத்தாரின் முன்னோர் கூடம் இருக்கிறது. நான்கு அடுக்குள்ள வெளிவட்டத்தில் தரைத்தளம் சமையலுக்கு, அதன் மேல்தளம் தானியத்துக்கு, மற்ற இரண்டும் படுக்கைக்கு என்று வகுத்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் கீழிருந்து மேல்வரை செங்குத்தாக ஒரு பகுதியைப் பங்காக அளித்தார்கள். ஆகவே வசதியானவனுக்கு மேல்மாடி, எளியவனுக்கு அடித்தளம் என்ற பேச்சே எழவில்லை. (இந்தச் சமத்துவத்தை மிகையாகப் புகழவும் கூடாது. வயலில் பாடுபட்டவர்கள், இங்கு வாழும் ஹக்கா எனும் சீன இனக்குழுவின் பெண்கள். பங்கு இறங்கியதோ ஆண்மக்கள் வழியே.)

உங்கள் வாதத்துக்கு நேர்மறுப்பு தியென்லுவோகெங் கிராமத்தில் நிற்கிறது. நடுவில் சதுரமாக ஒன்று, சுற்றிலும் நான்கு என அங்குள்ள ஐந்து வீடுகளை, 'நான்கு தொடுகறி, ஒரு சூப்' என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். அவற்றுள் நீள்வட்டமாக இருக்கும் வீடு கட்டப்பட்ட ஆண்டு 1966. கம்யூனிச அரசு அமைத்த கூட்டுப் பண்ணைகளான மக்கள் கம்யூன்களின் அந்தக் காலத்தில் எந்தக் கொள்ளையனுக்கு அஞ்சி அதைக் கட்டியிருப்பார்கள்? உறவினர் ஒரே முற்றத்தைச் சுற்றிக் குடியிருப்பது அதற்குள் அவர்களுடைய இயல்பாகவே ஆகிவிட்டிருந்தது என்றே நான் கருதுகிறேன்.

வெளியேற்றமும் அச்சம் நீங்கியதால் தொடங்கியதன்று. விளைநிலம் குறைந்த அந்த மலைநாட்டிலிருந்து 19ஆம் நூற்றாண்டிலேயே பலர் தென்கிழக்கு ஆசியாவுக்குக் கப்பலேறினர். நம் வீடுகளிலும் புழங்கும் டைகர் பாமைப் பரப்பிய ஆவ் பூன் ஹாவின் தந்தை, யோங்டிங்கிலிருந்து ரங்கூனுக்குப் போனவர். இன்று இளைஞர்களை நகரங்களின் ஊதியம் இழுக்கிறது. 2008இல் யுனெஸ்கோ 46 கட்டடங்களை உலக மரபுச்செல்வப் பட்டியலில் சேர்த்தபின், அங்கே நுழைவுச்சீட்டும் கடைகளும் வந்து சிலருக்கு ஊரிலேயே பிழைப்புக் கிடைத்தது. பட்டியலுக்கு வெளியே உள்ள தூலோக்கள்தான் என்னைக் கவலைகொள்ளச் செய்கின்றன. ஓடு நழுவினால் மழை மண்சுவரை அரிக்கத் தொடங்கும், அந்த ஓட்டை மாற்றவோ உள்ளே ஆளில்லை.