வாசகர் கேள்வி – பதில்: ரிப்போர்ட்டின் அடியில் யாருடைய பெயர்?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்குமேல் ஒரே விஷயத்தைச் சுற்றியே வந்திருக்கின்றன. கம்ப்யூட்டர் எக்ஸ்ரே படிக்கிறது, குட்டிக் கேமரா கண்ணைப் பார்த்துச் சொல்கிறது, கவுண்டரில் ஏதோ நம்பர் கேட்கிறார்கள், இதையெல்லாம் நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. இதே பெங்களூரில் 31 வருஷம் எக்ஸ்ரே டெக்னீஷியனாக வேலை பார்த்தவள். இருட்டறையில் ஃபிலிம் கழுவிய காலத்தில் சேர்ந்து, ஏஐ படித்துச் சொல்லும் காலத்தில் ஓய்வு பெற்றேன். கண்ணால் பார்த்ததையும் உறுதியாகத் தெரிந்ததையும் சொல்கிறேன்.

அக்கா, என் கணவருக்கு (58) மூன்று வாரமாக இருமல். நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தோம். ரிப்போர்ட்டில் ‘ஏஐ பகுப்பாய்வு’ என்று அச்சடித்து, வலது நுரையீரலின் மேல்பக்கம் சிவப்பு வட்டம் போட்டிருக்கிறார்கள். கையெழுத்து இல்லை. மகன், “டாக்டர் பார்க்கவே இல்லை, வேற இடத்துல எடுக்கலாம்” என்கிறான். என்ன செய்யட்டும்?
— வாசகி, அல்சூர்

வேறு இடத்தில் உடனே இன்னொரு எக்ஸ்ரே வேண்டாம் அம்மா. எடுத்த இடத்துக்கே போய், “இந்தப் படத்தை எந்த ரேடியாலஜிஸ்ட் (எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் படித்து ரிப்போர்ட் எழுதும் டாக்டர்) பார்த்தார்? அவர் பெயரும் கையெழுத்தும் போட்ட ரிப்போர்ட் வேண்டும்” என்று கேளுங்கள். அதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. கூச்சப்படாதீர்கள்.

இந்த ஏஐ என்ன செய்கிறது என்று தெரிந்தால் பயம் பாதி குறையும். டாக்டர்கள் ஏற்கெனவே பார்த்து, “இது டி.பி., இது நார்மல்” என்று குறித்துவைத்த படங்களை ஆயிரக்கணக்கிலும் லட்சக்கணக்கிலும் அதற்குக் காட்டிப் பழக்குகிறார்கள். புதுப் படம் வந்ததும் அது ஒரு மதிப்பெண் போடுகிறது. ஒரு குறிப்பிட்ட எண்ணைத் தாண்டினால் சிவப்பு வட்டம். அந்த எல்லையை வைப்பது மனிதர்கள்தான். மாவு சல்லடை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். கண் சிறிதாக இருந்தால் நல்ல மாவும் மேலே நின்றுவிடும், பெரிதாக இருந்தால் வண்டும் கீழே போய்விடும். டி.பி. விஷயத்தில் ஒரு வண்டும் தப்பக் கூடாது என்று கண்ணைச் சிறிதாக வைப்பார்கள். அதனால் ஒன்றும் இல்லாதவர்களுக்கும் சில நேரம் வட்டம் விழும்.

2021-ல் உலக சுகாதார நிறுவனம், 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களின் நெஞ்சு எக்ஸ்ரேயில் டி.பி. சந்தேகத்தைப் பிரித்தெடுக்க இந்த மாதிரி மென்பொருளைப் பயன்படுத்தலாம் என்று பரிந்துரை செய்தது. பிரித்தெடுக்க மட்டும்தான். நோய் இருக்கிறதா என்று முடிவு செய்வது சளிப் பரிசோதனை. அதற்கான ட்ரூநாட் என்ற கருவியே நம் பெங்களூரின் பிக்டெக் லேப்ஸ், கோவாவின் மால்பயோ இரண்டும் சேர்ந்து உருவாக்கியதுதான். அரசு மையத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். மூன்று வாரம் இருமல் என்கிறீர்கள், அப்படியென்றால் எக்ஸ்ரே என்ன சொன்னாலும் சளிப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

எனக்கு ஏன் இந்தக் கருவி மேல் மரியாதை வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓய்வுக்கு இரண்டு வருஷம் முன்பு, எங்கள் ஆசுபத்திரியில் இதை வைத்திருந்த புதிதில், ஒரு செக்யூரிட்டி வேலைக்காரர் சாயந்திரம் ஏழு மணிக்கு வந்தார். படிக்கட்டில் விழுந்து விலாவில் வலி. ஒரு கையால் விலாவை அழுத்திக்கொண்டு, மூச்சை இழுக்கச் சொன்னால் பாதியிலேயே நிறுத்திவிட்டார். நாலு தடவை சொல்லித்தான் படம் எடுத்தேன். அந்த நேரத்தில் ரேடியாலஜிஸ்ட் கிடையாது, மறுநாள்தான் பார்ப்பார்கள். ஆனால் ஒரு நிமிஷத்தில் திரையில் இடது மேல்பக்கம் சிவப்பு. “இருமல் உண்டா?” என்று கேட்டேன். “ரெண்டு மாசமா இருக்கும்மா, மெட்ரோ வேலை நடக்குற தூசி” என்றார். டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டேன். மறுநாளே சளி எடுத்தார்கள், டி.பி. உறுதியானது. பழைய முறையில் அந்த மனிதர் விலாவுக்கு ஒரு மாத்திரையை வாங்கிக்கொண்டு, இன்னும் ஆறு பேரோடு தங்கியிருந்த அறைக்குப் போயிருப்பார்.

அதே படத்தில் எட்டாவது விலா எலும்பு விண்டிருந்தது. அதைப் பற்றி இயந்திரம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்களிடம் இருந்தது டி.பி.க்குப் பழக்கிய மென்பொருள், எலும்பைத் தேட அதற்குத் தெரியாது. மறுநாள் ரேடியாலஜிஸ்ட் மேடம்தான் விலாவையும் சேர்த்து எழுதினார். கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்டைக் கேளுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். மனிதர் முழுப் படத்தையும் பார்ப்பார், எழுதியதற்குப் பதில் சொல்லவும் கடமைப்பட்டவர்.

அரசு ஆசுபத்திரி கவுண்டரில் “ஆபா மாடிசி” (ஆபா எடுங்கள்) என்கிறார்கள். ஆதார் கேட்கிறார்கள். ஆபா இல்லாவிட்டால் வைத்தியம் கிடையாதா? அது இருந்தால் 5 லட்சம் வரை இலவசம் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள்.
— வாசகர், ஸ்ரீராம்புரம்

இரண்டு வேறு விஷயங்கள் கலந்துவிட்டன ஐயா. நிறையப் பேருக்கு இந்தக் குழப்பம் இருக்கிறது.

ஆபா என்பது 14 இலக்க எண். 2021 செப்டம்பரில் நாடு முழுக்க வந்த ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தின் கீழ் கொடுக்கிறார்கள். உங்கள் ரிப்போர்ட்டுகளை ஒரே நூலில் கோக்க உதவும் எண், அவ்வளவுதான். அதில் பணம் கிடையாது. 5 லட்சம் என்பது ஆயுஷ்மான் கார்டு, அது காப்பீடு. தகுதியுள்ள குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை. 2024 அக்டோபரில் மத்திய அரசு இதை 70 வயது ஆன எல்லோருக்கும் வருமானம் பார்க்காமல் விரிவாக்கியது. உங்களுக்கு 70 ஆகியிருந்தால் அந்தக் கார்டு இங்கே கிடைக்குமா என்று ஆசுபத்திரியில் தனியாக விசாரியுங்கள்.

ஆபா கட்டாயம் இல்லை. அது இல்லையென்று வைத்தியத்தை மறுக்கக் கூடாது. ஆனால் வைத்துக்கொள்வது நல்லது என்பது என் எண்ணம். கவுண்டரில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடைப் போனில் ஸ்கேன் செய்தால் பெயர், வயது தானாகப் போய் டோக்கன் வந்துவிடும். காலை ஏழு மணி வரிசையில் முட்டி வலியோடு நிற்பவர்களுக்கு அது சின்ன உதவி இல்லை. ரிப்போர்ட்டுகள் எடுத்த இடத்திலேயேதான் இருக்கும். வேறொரு டாக்டர் பார்க்க வேண்டுமென்றால் உங்கள் போனுக்குச் சம்மதம் கேட்டு வரும். எதை, எத்தனை நாளைக்குக் காட்டலாம் என்று நீங்கள் சொல்லலாம், பிறகு ரத்தும் செய்யலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: போனுக்கு வரும் ஓ.டி.பி.யை முகம் தெரியாத யாரிடமும் படித்துக் காட்டாதீர்கள்.

காகிதத்தையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் சர்வர்களை ஹேக்கர்கள் முடக்கியபோது, ஏறக்குறைய இரண்டு வாரம் அங்கே கையால் எழுதித்தான் சமாளித்தார்கள். ஒரு நெகிழிப் பையில் பழைய ஃபிலிம், டிஸ்சார்ஜ் சம்மரி, மாத்திரைச் சீட்டு மூன்றையும் தேதி வரிசையில் வையுங்கள். போனில் படமும் எடுத்துவையுங்கள்.

அம்மாவுக்கு 15 வருஷமாகச் சர்க்கரை. தெருவில் நடந்த முகாமில் கைக்கு அடக்கமான கேமராவில் கண்ணைப் படம் பிடித்து, உடனே “கண் டாக்டரிடம் போங்கள்” என்று சீட்டுக் கொடுத்தார்கள். பார்வை நன்றாகத்தான் இருக்கிறது. ஏமாற்று வேலையா?
— வாசகி, மர்ஃபி டவுன்

ஏமாற்று இல்லை, போங்கள். சர்க்கரையால் விழித்திரை கெடும்போது ஆரம்பத்தில் பார்வை நன்றாகவே இருக்கும். மங்கலாகத் தெரிகிறது என்று போகும்போது நேரம் கடந்திருக்கும். இந்த மாதிரி ஏஐ வெறும் வெளிநாட்டுச் சரக்கும் அல்ல. கூகுள் ஆராய்ச்சியாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வுக்கு மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா, பெங்களூரு நாராயண நேத்ராலயா மூன்று ஆசுபத்திரிகளின் விழித்திரைப் படங்களும் பயன்பட்டன. அதாவது நம் ஊர் அம்மாக்களின் கண்களைப் பார்த்துப் பழகியது. கையடக்கக் கேமரா செய்யும் ரெமிடியோ நிறுவனமும் பெங்களூரில்தான் இருக்கிறது.

கேமரா “ஒன்றும் இல்லை” என்று சொல்லியிருந்தாலும் வருஷத்துக்கு ஒரு தடவை கண் டாக்டரிடம் காட்டுங்கள். புரை, கண் அழுத்தம் எல்லாவற்றையும் அது தேடுகிறது என்று வைத்துக்கொள்ளக் கூடாது.

தங்கவயலில் இருக்கும் அண்ணனுக்கு நெஞ்சு வலி வந்தால் பெங்களூர் ஜெயதேவா இதய ஆசுபத்திரிக்குக் கொண்டுவர இரண்டரை மணி நேரம் ஆகிவிடும். என்ன செய்வது?
— வாசகர், காக்ஸ் டவுன்

நேராகப் பெங்களூருக்கு வண்டியைக் கிளப்பாதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு, பக்கத்துத் தாலூகா ஆசுபத்திரியில் முதல் ஈசிஜி எடுத்துவிடுங்கள். கர்நாடக அரசு கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் பெயரில் நடத்தும் ஹிருதய ஜோதி திட்டத்தில், அந்த ஈசிஜியை ஏஐ உதவியோடு சில நிமிஷத்தில் படித்து, மாரடைப்பு என்றால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் டெனக்டெப்ளேஸ் ஊசியை அங்கேயே இலவசமாகப் போட்டு, அப்புறம் பெரிய ஆசுபத்திரிக்கு அனுப்புகிறார்கள். 46 வயதில் 2021 அக்டோபரில் அந்தப் பிள்ளை போனது இந்த ஊரில் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். எந்த ஆசுபத்திரியில் இந்த வசதி இருக்கிறது என்று இன்றைக்கே அண்ணனை விசாரித்து வைக்கச் சொல்லுங்கள்.

அம்மாவின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் போனில் ஏஐ சாட்டில் போட்டேன். சிறுநீரகம் கெட்டிருக்கலாம் என்றது. ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. அது சொன்னபடி ஒரு மாத்திரையை நிறுத்திவிடலாமா?
— வாசகி, ஒயிட்ஃபீல்டு

நிறுத்தாதே அம்மா. உன் பயம் புரிகிறது. ஆனால் அந்தச் சாட்டுக்கு உன் அம்மாவின் வயது, எடை, என்னென்ன மாத்திரை, போன வருஷ ரிப்போர்ட் எதுவும் தெரியாது. ஒரு காகிதத்தில் இருக்கும் எண்ணை மட்டும் பார்த்துப் பேசுகிறது. 2020 மார்ச் 25 அன்று வந்த நம் நாட்டுத் தொலைமருத்துவ விதிமுறையே இதைத் தெளிவாகச் சொல்கிறது: ஏஐ நோயாளிக்கு ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது, பதிவு பெற்ற டாக்டருக்கு உதவியாக மட்டும் இருக்கலாம்.

அதை வேறு விதமாகப் பயன்படுத்து. பெயர், போன் நம்பர், ஆசுபத்திரி நம்பர் எல்லாவற்றையும் மறைத்துவிட்டு, “இந்த ரிப்போர்ட்டைப் பற்றி டாக்டரிடம் நான் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகளைத் தமிழில் சொல்” என்று கேள். அவற்றை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போ. டாக்டர் அறையில் நமக்குக் கிடைக்கும் நாலு நிமிஷம் வீணாகாது.

தூக்கமில்லாத ராத்திரி தொடர்ந்தால், 14416 என்ற டெலிமானஸ் (அரசு மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரத்திலும் கூப்பிடலாம், கட்டணம் இல்லை. நம் பெங்களூர் மனநல ஆசுபத்திரியான நிம்ஹான்ஸ் தலைமையில் 2022 அக்டோபரில் தொடங்கியது. தமிழிலும் பேசலாம்.

ரேடியோகிராபி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஏஐ வந்தால் நம் வேலையே இருக்காது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். படிப்பை மாற்றிவிடலாமா அக்கா?
— மாணவர், கம்மனஹள்ளி

மாற்றாதே தம்பி. 2016-ல் ஜெஃப்ரி ஹின்டன் என்ற பெரிய விஞ்ஞானி, ரேடியாலஜிஸ்ட்களுக்குப் பயிற்சி கொடுப்பதை இப்போதே நிறுத்திவிட வேண்டும், இன்னும் ஐந்து வருஷத்தில் கம்ப்யூட்டர் அவர்களை மிஞ்சிவிடும் என்றார். 2024-ல் அவருக்கு நோபல் பரிசே கிடைத்தது. ரேடியாலஜிஸ்ட்களுக்கோ இன்னும் தட்டுப்பாடு. டாக்டர்கள் கதையே இதுவென்றால், படம் எடுக்கும் உனக்கு என்ன பயம்?

எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை. வெளியே நாற்பது பேர். நாற்பது வயதுள்ள ஒரு அம்மா, தலைக்குக் குளித்து, ஈரம் காயாமல் இறுக்கிப் பின்னி, கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்திருந்தார். தாலிச் சங்கிலியைக் கழற்றச் சொன்னேன், தாயத்தைக் கழற்றச் சொன்னேன், பின்னலைத் தூக்கிக் கட்டச் சொல்ல விட்டுவிட்டேன். அவசரம். படம் வந்ததும் ஏஐ வலது மேல்பக்கத்தைச் சிவப்பாக்கி, மதிப்பெண்ணை ஏகத்துக்கும் போட்டது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த நிழல் நுரையீரலோடு நிற்கவில்லை. காறை எலும்பைத் தாண்டிக் கழுத்து வரைக்கும் ஏறியிருந்தது, கயிறு முறுக்கின மாதிரி வரிவரியாக. நுரையீரல் நோய் கழுத்துத் தோலுக்கு வெளியே போகுமா? பின்னல்!

ஓடினேன். அந்த அம்மா கேட் பக்கத்தில் நின்று, யாருக்கோ போன் போட்டு அழுதுகொண்டிருந்தார். திரையில் சிவப்பைப் பார்த்திருக்கிறார். கூட்டி வந்து, பின்னலை உச்சியில் சுற்றி கிளிப் போட்டு, மறுபடி எடுத்தேன். நுரையீரல் சுத்தமாக இருந்தது. இரண்டாவது தடவை அவர் உடம்பில் போன கதிர்வீச்சு கொஞ்சம்தான், ஆனாலும் அது என் தப்பால் போனது. அந்தக் கால் மணி நேர அழுகையும் என் தப்புதான். அன்றைக்கு மென்பொருளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் கொடுத்த படத்தைத்தானே அது படித்தது.

அதனால் ஏஐ பற்றியும் படி, அது எப்படி மதிப்பெண் போடுகிறது என்று உன் பேராசிரியரைக் கேட்டுத் தெரிந்துகொள். நோயாளியை நிறுத்தும் விதம், மூச்சுப் பிடிக்க வைக்கும் விதம் இரண்டையும் அதைவிட நன்றாகப் படி. தமிழ், கன்னடம், இந்தி மூன்றிலும் “மூச்சை இழுத்துப் பிடிங்க” என்று பதற்றம் வராத குரலில் சொல்லப் பழகு. பெரிய பிளாஸ்டிக் ஹேர் கிளிப் ஒரு பாக்கெட் எப்போதும் என் டிராயரில் இருக்கும். கமர்ஷியல் ஸ்ட்ரீட் நடைபாதைக் கடையில் மலிவாகக் கிடைக்கும், பயிற்சிக்குப் போகும் முதல் நாளே வாங்கி வைத்துக்கொள்.