ஆக்டர்லோனி என்ற ஸ்காட்டிஷ் குடும்பப்பெயர் எங்கிருந்து வந்தது? இன்றும் அந்தப் பெயரில் ஆட்கள் இருக்கிறார்களா?

கேள்வி கேட்டவர் நுண்ணுயிரியல் மாணவர். ஆய்வகத்தில் ‘ஆக்டர்லோனி இரட்டைப் பரவல்’ சோதனை செய்திருக்கிறார். அது யாருடைய பெயர் என்று தேடினால் கொல்கத்தாவில் ஒரு கோபுரம், ஸ்காட்லாந்தில் ஒரு கோல்ஃப் வீரர், நீலகிரியில் ஒரு பள்ளத்தாக்கு என்று எங்கெங்கோ கொண்டுபோய் விடுகிறதாம். எல்லாம் ஒரே குடும்பமா என்று கேட்கிறார். நானும் நுண்ணுயிரியல் படித்தவன். அதோடு கூடலூர்ப் பக்கத்துக்காரன். இந்தப் பெயர் மேல் எனக்கு நீண்ட காலப் பிரியம் உண்டு, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நேர் பதில்: இன்றும் இருக்கிறார்கள், ஆனால் மிகக் குறைவு. பெயர் பிறந்த இடம் ஒன்றே ஒன்றுதான்.

அந்த இடம் கிழக்கு ஸ்காட்லாந்தில் ஆங்கஸ் மாவட்டத்தில், ஃபோர்ஃபார் நகரத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு நிலம். பெயரின் முன்பாதி, ஸ்காட்லாந்தின் பழைய மொழிகளில் ஒன்றான கேலிக்கில் மேட்டு நிலத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வருவது. ஆக்டர்மக்டி, ஆக்டரார்டர் என்று அந்தப் பக்கத்து ஊர்ப்பெயர்களிலும் அதே சொல் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில், 1226க்கும் 1239க்கும் இடையே, அந்த நிலத்தின் பெயரோடு ஜான் என்று ஒருவர் பத்திரத்தில் வருகிறார். எந்த நிலம் அவருக்குப் பெயர் கொடுத்ததோ, அந்த நிலத்தையே வேறொருவருக்குக் கொடுத்து, மாற்றாகக் கெனி என்ற நிலத்தை வாங்கிக்கொண்டதுதான் அந்தப் பத்திரத்தின் விஷயம். நிலம் கைமாறிய பிறகும் பெயர் அவர் வம்சத்தோடு ஒட்டிக்கொண்டது. ஊர்ப்பெயர் குடும்பப்பெயராக மாறும் தருணத்தை இவ்வளவு தெளிவாகப் பார்க்கக் கிடைப்பது அபூர்வம்.

அப்புறம் அந்தக் குடும்பம் ஆங்கஸுக்குள்ளேயே இடம் மாறிக்கொண்டிருந்தது. ஆர்ப்ரோத் அருகே கெல்லி என்ற எஸ்டேட்டும் கோட்டையும் 15ஆம் நூற்றாண்டில் அவர்கள் கையில் இருந்தன. 17ஆம் நூற்றாண்டில் கெல்லி போய்விட்டது. அதே வட்டாரத்தில் கைண்ட் என்ற எஸ்டேட் அவர்களுடையதாக இருந்தது. கைண்டின் ஜான் ஆக்டர்லோனி 1680களில் ஃபோர்ஃபார் மாவட்டத்தின் நிலம், வீடுகள், ஆறுகள் பற்றி ஒரு விவரணை எழுதி வைத்தார். ஆங்கஸ் வரலாறு எழுதுகிறவர்கள் இன்றும் அதை எடுத்துப் பார்க்கிறார்கள். கைண்ட், கெல்லி என்ற இந்த இரண்டு பெயர்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

சரி, ஏன் இவ்வளவு அரிது? ஸ்காட்லாந்தின் குடும்பப்பெயர் பட்டியலில் முதல் வரிசையில் நிற்பவை ஸ்மித், பிரவுன், வில்சன் போன்றவை. கொல்லர் எல்லா ஊரிலும் இருந்தார். ஆகவே ஸ்மித் என்ற பெயர் ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஆயிரம் இடங்களில் தனித்தனியாக முளைத்தது. வில்சன் போன்ற தந்தைவழிப் பெயர்களும் அப்படித்தான். ஹைலேண்ட்ஸ் எனப்படும் மலைப்பகுதிக் குலங்களின் பெயர்கள் வேறு வழியில் பெருகின. தலைவனின் நிலத்தில் குடியிருந்தவர்கள், அவனிடம் பாதுகாப்புத் தேடியவர்கள் எனப் பலரும், ரத்த உறவு இல்லாவிட்டாலும், கேம்பல் என்றும் மெக்டொனால்ட் என்றும் பெயர் வைத்துக்கொண்டார்கள். ஆக்டர்லோனிக்கு இந்த இரண்டு வாய்ப்புமே இல்லை. ஒரே நிலம், ஒரே சிறு வட்டாரம்.

இப்படிச் சில வீடுகளில் மட்டும் இருக்கும் பெயருக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. 1873இல் பிரான்சிஸ் கால்டன் இதை ஒரு கணக்காகவே பத்திரிகையில் கேட்டார். ஒவ்வொரு ஆணுக்கும் இத்தனை மகன்கள் பிறக்க இவ்வளவு வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால், பல தலைமுறைக்குப் பிறகு எத்தனை குடும்பப்பெயர்கள் மிஞ்சும்? ஹென்றி வாட்சன் என்ற பாதிரியார் விடை எழுதினார், 1874இல் இருவரும் சேர்ந்து கட்டுரையாக வெளியிட்டார்கள். எல்லாப் பெயரும் கடைசியில் அழியும் என்று வாட்சன் முடித்தது பின்னால் திருத்தப்பட்டது. சராசரியாக ஒருவருக்கு ஒரு மகனுக்கு மேல் பிறந்தால் பெயர் பிழைக்க வாய்ப்பு உண்டு. ஆனால் பெயரைச் சுமப்பவர்கள் குறைவாக இருந்தால், ஒரு தலைமுறையில் பெண் குழந்தைகள் மட்டுமே பிறந்தாலோ மகன்கள் வாரிசு இல்லாமல் இறந்தாலோ ஒரு கிளையே முடிந்துவிடும். இன்று அணு உலையிலும் தொற்றுநோய் ஆய்விலும் பயன்படும் கிளைப்பெருக்கக் கணக்கு இந்தக் குடும்பப்பெயர்க் கேள்வியிலிருந்து வளர்ந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

எத்தனை பேர் என்று எண்ணுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. எழுத்துக்கூட்டல் ஒன்று அல்ல. ஆங்கிலத்தில் ‘ஏ’வில் தொடங்கி எழுதுகிறவர்கள் உண்டு, ‘ஓ’வில் தொடங்குகிறவர்கள் உண்டு, ‘ஓ’வுக்கு அடுத்து ‘யு’ போடுகிறவர்களும் உண்டு. கடைசி எழுத்து ‘ஒய்’யா ‘ஐ-இ’யா என்பதிலும் வேறுபாடு. நடுவில் வரும் ஒலி தொண்டையில் உரசி வருவது. அதை எழுதும் குமாஸ்தா தன் காதில் விழுந்தபடி எழுதினார். ஸ்காட்லாந்தில் பிறப்பு, திருமணம், இறப்பை அரசு கட்டாயமாகப் பதியத் தொடங்கியது 1855இல்தான். அதற்கு முந்தைய தேவாலயப் பதிவேடுகளில் எழுத்துக்கூட்டல் எழுதுகிறவர் கையைப் பொறுத்தது. ஆகவே ஒரே ஒரு வடிவத்தை மட்டும் தட்டித் தேடினால், உள்ளதைவிடக் குறைவாகவே கணக்கு வரும். இன்று ஸ்காட்லாந்தில் அதிகம் காணப்படுவது ‘ஏ’வில் தொடங்கும் வடிவம். அதுவும் ஆங்கஸுக்குத் தெற்கே, டே ஆற்று முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம் உள்ள ஃபைஃப் மாவட்டத்தோடு நெருக்கமாக ஒட்டிய பெயர். ‘ஓ’வில் தொடங்கும் வடிவங்கள் இன்னும் அரிது. கடல் கடந்து போனவர்களின் வழியில் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இந்தப் பெயர் உண்டு.

ஃபைஃபில் இந்தப் பெயர் என்றால் கோல்ஃப்தான். செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊர்க்காரர் வில்லி ஆக்டர்லோனி 1893இல் பிரெஸ்ட்விக்கில் பிரிட்டிஷ் ஓபன் கோல்ஃப் பட்டம் வென்றபோது அவருக்கு வயது 21. மட்டைகளும் அவரே செய்தவை. அண்ணன் தம்பிகள் சேர்ந்து மட்டைக் கடை நடத்தினார்கள். அவர் சகோதரர் லாரி அமெரிக்கா போய் 1902இல் அமெரிக்க ஓபனை வென்றார். நான்கு சுற்றிலும் 80 அடிகளுக்குக் குறைவாக எடுத்து அந்தப் பட்டத்தை வென்ற முதல் ஆள் அவர். வில்லிக்குப் பிறகு, ஸ்காட்லாந்திலேயே வாழ்ந்துகொண்டு பிரிட்டிஷ் ஓபன் வென்ற அடுத்த ஸ்காட்லாந்துக்காரர் வர 1999 வரை, பால் லாரி வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. செயின்ட் ஆண்ட்ரூஸில் அந்தக் கடைப் பெயர் இன்றும் இருக்கிறது.

கொல்கத்தாக் கோபுரத்துக்குரியவர் சர் டேவிட் ஆக்டர்லோனி. அவர் பிறந்தது ஸ்காட்லாந்தில் அல்ல, 1758இல் அமெரிக்காவின் பாஸ்டனில். தந்தை ஸ்காட்லாந்து வம்சத்துக் கப்பல் தலைவர். 1777இல் டேவிட் கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் படையில் சேர்ந்தார். டெல்லியில் கம்பெனியின் பிரதிநிதியாக, அதாவது ரெசிடென்டாக ஆனார், 1804இல் மராட்டிய ஹோல்கரின் படையிடமிருந்து டெல்லியைக் காத்தார், 1814 முதல் 1816 வரை நடந்த நேபாளப் போரில் வென்றார். டெல்லி மக்கள் அவர் பெயரைத் திருப்பிப் போட்டு ‘லோனி அக்தர்’ என்று அழைத்தார்கள். முகலாயப் பிரபுக்களைப் போல உடுத்தி, இந்திய மனைவியரோடு வாழ்ந்தவர். 1825இல் மீரட்டில் இறந்தார். 1828இல் எழுந்த அந்த உயரமான நினைவுத் தூணுக்கு 1969இல் ‘ஷஹீத் மினார்’ என்று பெயர் மாற்றினார்கள். மாற்றியது சரி என்பதே என் எண்ணம். விடுதலைக்கு உயிர் கொடுத்தவர்களுக்கு உரிய இடம் அது.

மேலே சொன்ன கால்டன் கணக்குக்கு இவர் வம்சமே எடுத்துக்காட்டு. இவருடைய மகன் ரோடரிக் தந்தைக்கு முன்பே இறந்துவிட்டார். பேரன் சார்ல்ஸ் மெட்காஃபுக்குப் போகும்படி ‘பேரனெட்’ என்ற, வம்சத்தில் இறங்கும் பிரிட்டிஷ் கௌரவப் பட்டத்தை டேவிட் 1823இல் தனியாக வாங்கி வைத்தார். அது அப்படியே சில தலைமுறை இறங்கி, 1964இல் ஆண் வாரிசு இல்லாமல் முடிந்தது.

இனி நீலகிரி. 1847இல் இந்த மலை முழுவதையும் அளந்து விரிவான அறிக்கை எழுதியவர் மதராஸ் பொறியாளர் படையைச் சேர்ந்த கேப்டன் ஆக்டர்லோனி. உதகைப் பீடபூமியின் மேற்குச் சுவருக்குக் கீழே, அடர்ந்த காடாகக் கிடந்த ஒரு பள்ளத்தாக்கு அந்தக் குடும்பத்தின் கண்ணில் பட்டது. நிலம், மலபாரின் நிலம்பூர் அரச குடும்பத் தலைவரான திருமுல்பாடுக்கு உரியது. அவரிடமிருந்து பெற்று, அளந்தவரின் சகோதரர் ஜேம்ஸ் ஆக்டர்லோனி காபி போட்டார். பிறகு மலேரியா மருந்தான குயினைன் தரும் சின்கோனா மரம் வந்தது, தேயிலை வந்தது. அந்தப் பகுதி முதலில் மலபார் மாவட்டத்தில் இருந்து, 1873இல் நீலகிரியோடு சேர்ந்தது. ஆவணங்களில் ‘ஆக்டர்லோனி பள்ளத்தாக்கு’ என்று இருந்த பெயர் ஆங்கிலத்தில் வெறும் ‘ஓ’ என்ற முதலெழுத்தும் ‘வேலி’ என்ற சொல்லுமாகச் சுருங்கியது. அதுதான் எங்கள் ஓவேலி. இன்று அது ஒரு பேரூராட்சி.

ஓவேலிக்குள் கைண்ட் என்று ஒரு எஸ்டேட் இருக்கிறது. கெல்லி என்று ஒன்று இருக்கிறது. ஆங்கஸ் வரலாற்றைப் படிக்கும் வரை எனக்கு அவை வெறும் எஸ்டேட் பெயர்கள். ஆர்ப்ரோத் பக்கத்தில் இழந்ததும் வைத்திருந்ததுமான நிலங்களின் பெயரை அப்படியே கொண்டுவந்து இங்கே நட்டிருக்கிறார்கள் என்று புரிந்தபோது மனம் நிறைந்தது, கொஞ்சம் கனக்கவும் செய்தது. கனத்ததற்குக் காரணம் உண்டு. அந்தத் தோட்டங்களில் வேலை செய்தவர்கள், பிறகு இலங்கையிலிருந்து சாஸ்திரி-சிறிமா ஒப்பந்தத்தில் தாயகம் திரும்பி வந்து இங்கே குடியேறியவர்கள் எனப் பல குடும்பங்கள் இன்னும் பட்டா இல்லாமல் வாழ்கின்றன. ஜன்மம் எனப்படும் பரம்பரை நில உரிமையைக் கூடலூரில் ஒழிக்கும் சட்டம் 1969இல் வந்தும், நிலம் யாருடையது என்ற வழக்கு தலைமுறைகளைத் தாண்டி நீண்டது. 13ஆம் நூற்றாண்டில் ஒருவருடைய நிலப் பத்திரம் பத்திரமாக இருந்ததால்தான் அவர் பெயர் நமக்குத் தெரிகிறது. என் ஊர் மக்களுக்கும் அப்படி ஒரு காகிதம் கையில் வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

என் கணிப்பு ஒன்றைச் சொல்கிறேன். இந்தக் குடும்பப்பெயர், சுருங்கிய வடிவத்திலாவது, உலகத்திலேயே அதிகமாக வாயில் புழங்கும் இடம் கூடலூர் பேருந்து நிலையமாகத்தான் இருக்கும்.

கடைசியாக உங்கள் சோதனைக்குரியவர். ஓர்யான் ஆக்டர்லோனி, 1914இல் பிறந்து 2004இல் மறைந்த ஸ்வீடன் நாட்டு நுண்ணுயிரியலாளர். ஸ்காட்லாந்திலிருந்து குடிபெயர்ந்த ஒரு கிளை ஸ்வீடனில் வேரூன்றியதால் அவருக்கு அந்தப் பெயர். அவர் 1948இல் வெளியிட்ட முறைதான் நீங்கள் செய்தது. அகார் தட்டில் குழிகள் போட்டு, ஒன்றில் எதிர்ப்பொருளையும் (ஆன்டிபாடி) மற்றவற்றில் அது பிடித்துக்கொள்ளும் எதிர்ச்செனிகளையும் (ஆன்டிஜென்) விட்டால், இரண்டும் ஊறிப் பரவிச் சந்திக்கும் இடத்தில் வெள்ளைக் கோடு விழும். இரு கோடுகள் வளைந்து ஒன்றாகச் சேர்ந்தால் இரண்டு எதிர்ச்செனியும் ஒன்றே. குறுக்கே வெட்டிக்கொண்டு போனால் வேறு வேறு. ஒரு பக்கம் மட்டும் வால் நீட்டினால் பாதி ஒற்றுமை. விலை மலிவு, பெரிய கருவி எதுவும் வேண்டாம், கண்ணாலேயே படித்துவிடலாம். நம் கல்லூரி ஆய்வகங்களில் இன்றும் அது நிலைத்திருப்பதற்குக் காரணம் அதுவே.

ஆகவே ‘எல்லாம் ஒரே குடும்பமா’ என்றால், பெயர் ஒரே நிலத்திலிருந்து கிளைத்தது என்று உறுதியாகச் சொல்லலாம். ஆனால் கோல்ஃப் ஆக்டர்லோனிக்கும் ஸ்வீடன் ஆக்டர்லோனிக்கும் எத்தனையாவது தலைமுறையில் உறவு என்பதைப் பெயரை மட்டும் வைத்துச் சொல்லக் கூடாது. நிலத்தில் குடியிருந்த சிலரும் அந்த நிலத்தின் பெயரால் அழைக்கப்பட்டிருக்கலாம். மேலும் தேட நினைத்தால் ஸ்காட்லாந்து அரசின் ‘ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிள்’ இணையதளத்தில் தொடங்குங்கள். பெயரின் முதலெழுத்துகளுக்கும் கடைசி எழுத்துகளுக்கும் பதிலாக நட்சத்திரக்குறி போட்டு, பல எழுத்துக்கூட்டல்களையும் ஒரே தடவையில் தேடுங்கள். 1881 மக்கள்தொகைக் கணக்கையும் பாருங்கள். இன்னொன்று: ஸ்காட்லாந்துப் பதிவேடுகளில் திருமணமான பெண்ணின் பிறந்தவீட்டுப் பெயரையும் எழுதுவது வழக்கம். அம்மா வழியில் போனால், ஆண் வழியில் அறுந்துபோன கிளைகளும் கிடைக்கும்.